பதினான்கு நிறைவிகள்

ரெனிட்டாவின் நிறைவியை ஹமீதா ஏழிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிய காலையில், இந்திய அணித் தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரெனிட்டாவிடம்கூடச் சொல்லவில்லை.

அலுவலகத் திரையில் ஓர் எண் மாறியதோடு வேலை முடிந்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது. வெளியே பயிற்சிக் கூடத்தில் இரும்புத் தட்டுகள் ரப்பர் தரையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஹமீதா உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

தாமிரைப் பயிற்சி மையம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இருந்தது. பளு தூக்கும் பெண்களுக்கான விடுதியும் கூடமும் சேர்ந்த இடம். பதினைந்து வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை பதினான்கு பேர் அங்கே தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். ஹமீதா உணவு அலுவலர். யார் என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதுவதும், பதினான்கு பேரின் நிறைவிகளைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை.

நிறைவி என்பது அரிசி மணி அளவுள்ள ஒரு கருவி. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல், கழுத்தின் இடது பக்கத்தில் அதைப் பொருத்துவார்கள். வயிறு நிறைந்த பிறகு அந்த நரம்பு வழியாக மூளைக்கு ஒரு சேதி போகும், போதும் என்று. நிறைவி அந்தச் சேதியை வயிறு காலியாக இருக்கும்போதும் அனுப்பும். பூஜ்யத்தில் வைத்தால் அணைந்துவிடும். பத்தில் வைத்தால் உணவைப் பார்த்தாலே திகட்டும்.

விளையாட்டுச் சம்மேளனங்கள் அதை அனுமதித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ரத்தத்தில் எதையும் கலப்பதில்லை, ஆகவே ஊக்கமருந்து இல்லை என்றார்கள். எடைப் பிரிவுக்காக எப்படியும் பட்டினி கிடக்கப் போகிறவர்கள் வலியில்லாமல் கிடக்கட்டுமே என்றார்கள். முதல் வருடம் நிறைவி வைத்துக்கொண்ட பெண்கள் ஒரு பிரிவு கீழே இறங்கிப் பதக்கம் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள், எல்லோரும் இறங்கினார்கள். பழைய எதிரிகளே மறுபடி எதிரில் நின்றார்கள், ஆளுக்கு நாலு கிலோ குறைவாக. இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவளுக்கு எப்பம் வைக்கலாம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

ஹமீதாவும் ஒரு காலத்தில் நிறைவியை நம்பியவள்தான். மேலப்பாளையத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளில் அவள் எண்ணூறு மீட்டர் ஓடினாள். மெலிந்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து நான்கு வருடத்தைக் கழித்தாள். அவளுடைய முன்பற்கள் ஆறும் பீங்கான். அமிலம் தின்றது போக மிச்சமிருந்ததை மருத்துவர் ராவி எடுத்துவிட்டு வைத்தவை. அப்போது இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் தன் வாயும் வயிறும் தப்பித்திருக்கும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

எண்ணை மாற்றுவதற்கு முந்தின நாள் மாலை, பயிற்சியாளர் பொன்னையா அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. முட்டி தேய்ந்துபோனதால் உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொள்வார்.

"ரெனிட்டாவுக்கு எட்டு வைம்மா," என்றார். "நாப்பத்தாறு முந்நூறுல நிக்கா. ஒரு கிலோ முந்நூறு இன்னும் எறங்கணும்."

ஹமீதா ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினாள். "ரத்தப் பரிசோதனை வந்திருக்கு சார். பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சு கெடக்கு. எலும்பு அறுபது வயசுக்காரி எலும்பு மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க. அவளுக்குப் பத்தொம்பது வயசு. பதினோரு மாசமா பீரியட்ஸ் வரல."

"போட்டி நேரத்துல எல்லாப் புள்ளையளுக்கும் நிக்கத்தாம் செய்யும்."

"பதினோரு மாசமாவா சார் போட்டி நடக்கு?"

பொன்னையா தாளைப் பார்த்தார், ஆனால் படிக்கவில்லை. "நாப்பத்தொம்பது கிலோவுல அவ தூக்குனா இந்தியாவுல நாலாவது எடம். நாப்பத்தஞ்சுல மொத எடம். இது நாஞ் சொல்லுத கணக்கு இல்ல, அவளே சொல்லுதது. நீ வேணும்னா அவகிட்டயே கேளு."

"கேட்டா எட்டு வைங்கன்னுதான் சொல்லுவா."

"பெறவென்ன?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, நீ வர்றதுக்கு முன்ன நான் பாத்தத நீ பாக்கல. என் மொத டீம்ல ஒரு புள்ள. எடை எறக்க உச்சி வெயில்ல மழக்கோட்டு போட்டு ஓடுனா. ஓடுன எடத்துலயே விழுந்து செத்துப் போனா. நான்தான் தூக்கிட்டு வந்தேன், கொதிக்கக் கொதிக்க இருந்திச்சு ஒடம்பு. இந்தக் கருவி வந்த பெறகு அப்படி ஒரு சாவு என் கையில நடக்கல. எட்டு வை."

வைக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பூஜ்யத்தில் வைத்தாள்.

நிறைவியை அணைத்தால் இரண்டு, மூன்று நாளில் பசி திரும்பிவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. பசித்தால் சாப்பிடுவாள். சாப்பிட்டால் எடை இறங்காது. இறங்காவிட்டால் நாற்பத்தொன்பதில் தூக்கட்டும், நான்காவதாக வரட்டும். உயிரோடு வரட்டும். ஹமீதாவின் திட்டம் அவ்வளவுதான். அது ரெனிட்டாவுக்குச் செய்யும் துரோகம் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தினமும் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தியாக எடை மேடையில் ஏற, ஹமீதா கையிலிருக்கும் பலகைக் கணினியில் நான்கு விவரம் குறிப்பாள். எடை, நாடி, தூக்கம், பசி. பதினான்கு பேருக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

முதல் நாள் ரெனிட்டா நாற்பத்தாறு இருநூறு இருந்தாள்.

"தூக்கம்?"

"தூங்குனேங்க்கா."

"பசி?"

"இல்லக்கா."

உவரிப் பக்கம் கடற்கரையில் பிறந்த பெண். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். இப்போது கன்னம் ஒட்டிப்போய், சிரிக்கும்போது பல் மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற இசக்கியம்மாள்தான் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருப்பவள். இசக்கிக்கும் அன்று பசி இல்லை. அடுத்து வந்த ஜாஸ்மினுக்கும் இல்லை.

மூன்றாம் நாள் நாற்பத்தைந்து தொள்ளாயிரம். பசி இல்லை.

ஹமீதா அன்று சாப்பாட்டுக் கூடத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். ரெனிட்டா தட்டில் இரண்டு இட்லி வைத்திருந்தாள். ஒன்றைப் பிய்த்தாள். பிய்த்ததைச் சட்னியில் தோய்த்தாள். தோய்த்ததைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இப்படியே இருபது நிமிடம் கை ஓயாமல் வேலை செய்தது, வாய்க்குப் போனது நான்கு விள்ளல் இருக்கும். மிச்சத்தைக் கிண்ணத்துக்கு அடியில் நசுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். பசி திரும்பிய பெண் சாப்பிடும் விதம் அது இல்லை.

ஐந்தாம் நாள் நாற்பத்தைந்து நானூறு.

ஹமீதா திரையைத் திறந்து பார்த்தாள். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அப்படியானால் யாரோ பகலில் ஏற்றிவிட்டு, காலையில் அவள் வருவதற்குள் இறக்கி வைக்கிறார்கள். மையத்தில் அந்தக் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி. பொன்னையா இன்னொருவர்.

கூடத்தில் அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குளிக்கப் போயிருந்தார்கள்.

"ரெனிட்டா நிறைவிய நீங்க தொட்டீங்களா சார்?"

"நான் எதுக்குத் தொடணும்? அதுக்குத்தான நீ இருக்க."

"உண்மையச் சொல்லுங்க. நான் பூஜ்யத்துல வச்சும் எடை எறங்கிக்கிட்டே..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பொன்னையா கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"பூஜ்யத்துலயா வச்சிருக்க? எத்தன நாளா?"

"அஞ்சு நாளா."

"அவளுக்குத் தெரியுமா?"

ஹமீதா கீழே கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றார் அவரே. "நாலு வருசமா அந்தப் புள்ள ஒரு போட்டிக்காக ஒழைக்கா. அவ கழுத்துல இருக்கத அவகிட்டக் கேக்காம அணைச்சிருக்க. நான் இத நிர்வாகத்துல சொன்னா, திங்கக்கெழம நீ இங்க இருக்க மாட்ட."

"சொல்லுங்க சார். அந்த ரத்தப் பரிசோதனையையும் சேத்துச் சொல்லுங்க."

அவர் முட்டியைப் பிடித்தபடி அலுவலகத்துக்கு நடந்தார். ஹமீதா பின்னாலேயே போனாள். தடுக்க நினைத்தாள், எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு, ரெனிட்டாவின் பெயரைத் தேடி, எட்டு என்று அழுத்தினார். எழுந்து வெளியே போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எடை நாற்பத்தைந்து நூற்றைம்பது. நாடி நாற்பத்து நான்கு. பசி இல்லை.

"இன்னைக்கு ரெஸ்ட் எடு," என்றாள் ஹமீதா.

"மூணு நாள்தானக்கா இருக்கு," என்றாள் ரெனிட்டா.

எட்டரை மணிக்குக் கூடத்திலிருந்து கேட்ட சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. இரும்பு விழுந்தது, அதன் பிறகு யாரும் பேசவில்லை. ஹமீதா ஓடினாள். பாரக்கம்பி மேடையின் முன்பக்கம் உருண்டு கிடந்தது. ரெனிட்டா பின்பக்கம் மல்லாந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. எழுபது கிலோவைத் தோளுக்குக் கொண்டுவந்து எழுந்து நின்றவள், அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டதாக இசக்கி பிறகு சொன்னாள். கம்பி கழுத்தில் விழாதது யாருடைய புண்ணியமோ.

நாடி இல்லை.

சுவரில் மாட்டியிருந்த மின்னதிர்ச்சிப் பெட்டியை இசக்கி கழற்றிக்கொண்டு வந்தாள். பொன்னையா ரெனிட்டாவின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அவருக்கு மூச்சு இரைத்தது, எண்ணுவதை விடவில்லை. ஹமீதா பட்டைகளை ஒட்டினாள். விலா எலும்புகளுக்கு நடுவே பட்டை சமமாக உட்காராமல் மடிந்தது. அழுத்திப் பிடித்து ஒட்டினாள். பெட்டி எல்லோரையும் விலகச் சொன்னது. ஒருமுறை அந்த உடம்பு தூக்கிப் போட்டது. பெட்டி மறுபடி பார்த்தது, மறுபடி விலகச் சொன்னது.

இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு நாடி வந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு பொன்னையா மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். "நான்தான்," என்றார். "நேத்து எட்டு வச்சேன்லா."

"பூஜ்யத்துல இருந்து ஒரேயடியா எட்டு. நான் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாம இருந்திருந்தா..." என்றாள் ஹமீதா.

அன்று பகல் அவள் நிறைவி தயாரிக்கும் நிறுவனத்தின் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பிருந்தா என்று ஒரு பொறியாளர் எடுத்தாள். ஆறு நாளில் இரண்டு முறை நிலை மாறியது, அதனால் இதயம் நின்றிருக்குமா என்று ஹமீதா கேட்டாள். கருவியின் எண்ணை வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து பிருந்தாவே திரும்பக் கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க பூஜ்யத்துல வெச்சதும், உங்க சார் எட்டுல வெச்சதும், இந்தப் புள்ளைக்கு ஒண்ணுதானுங்க."

"புரியலையே."

"இந்தக் கருவி போன ஆகஸ்டுக்கு அப்புறம் நரம்புக்கு எதையுமே குடுக்கலைங்க. சுத்தியும் வடு கட்டிருக்கு. சில ஒடம்பு அப்படி, வெளிய இருந்து வந்த பொருளச் சுத்தி ஒறை மாதிரி கட்டிக்கும். கருவி அனுப்பிட்டேதான் இருக்குது, நரம்புக்குப் போய்ச் சேரலைங்க."

"எங்க திரையில தெனமும் ஏழுன்னு காட்டுச்சே."

"அது அனுப்பற அளவுங்க. நரம்பு வாங்குச்சா இல்லையாங்கறது எங்க பக்கத்துல பதிவாகும். கேட்டா எடுத்துத் தருவோம்."

"நீங்களா சொல்ல மாட்டீங்களா?"

"எங்களுக்கு வர்ற அறிக்கைல எடை குறைஞ்சிட்டே இருக்குதுங்க. தெனமும் பசி இல்லைன்னு நீங்களே குறிச்சு அனுப்பறீங்க. வேலை செய்யற கருவிய யாருங்க சோதிப்பாங்க?"

போனை வைத்த பிறகு ஹமீதா விரலை மடக்கி எண்ணினாள். போன ஆகஸ்டு. பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் முந்நூறு காலைகள் அந்தப் பெண் அவள் முன்னால் வந்து நின்று, பசி இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

ரெனிட்டாவைப் பார்க்க மறுநாள் காலைதான் விட்டார்கள். ஒரு கையில் குழாய் வழியாகப் பொட்டாசியம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து கிளம்பியபோது போட்டிருந்த செருப்பு ஜோடி மாறியிருந்தது. ஹமீதாவைப் பார்த்ததும் எழுந்து, "நீங்கதான் பெட்டி வச்சுக் காப்பாத்துனதுன்னு சொன்னாங்க," என்று கையைப் பிடித்தாள். ஹமீதாவுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"மொதல்ல நான் செஞ்ச தப்பச் சொல்லிருதேன்," என்றாள் ஹமீதா, அம்மா டீ வாங்கப் போன பிறகு. "ஒங்கிட்டக் கேக்காம ஒன் நிறைவிய அணைச்சு வச்சிருந்தேன். அஞ்சு நாள்."

ரெனிட்டா கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினாள். "தெரியலக்கா. எனக்கு வித்தியாசமா ஒண்ணும் தெரியல."

"தெரியாது. ஏன்னா அது பத்து மாசமா வேலையே செய்யல."

ரெனிட்டா குழாய் இல்லாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தாள் ஹமீதா. கையை எடுத்தபோது கண் காய்ந்துதான் இருந்தது.

"அப்பம் கருவிதான் கெட்டுப் போச்சா?" என்றாள். "நான் இல்லியா?"

"என்ன சொல்லுத?"

"வச்ச புதுசுல ரெண்டு, மூணு மாசம் பசியே தெரியலக்கா. சொகமா இருந்துச்சு. பெறவு ஒரு நாளு காலைல பசிச்சுது. மறுநாளும் பசிச்சுது. இசக்கியப் பாத்தேன், அவ பாட்டுக்கு இருக்கா. ஜாஸ்மினப் பாத்தேன், தட்டுல வச்சத அப்படியே வச்சிட்டு எந்திச்சுப் போறா. எல்லாத்துக்கும் அடங்குது, எனக்கு மட்டும் அடங்க மாட்டேங்குது. கருவி நல்லாத்தான் இருக்கு, நான்தான் தின்னிப்பண்டாரம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா கழட்டிப் போட்டு வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு பயம். ஒரு நாளு சொல்லலாம்னுதான் வந்தேங்க்கா. நெசமா. வாயத் தொறக்கப் போனேன். நீங்க பசின்னு கேக்கும்போதே ஒங்க வெரலு 'இல்ல'ங்குற கட்டத்து மேல இருந்துச்சு. தெனமும் அங்கதான் இருக்கும்."

ஹமீதா தன் விரலைப் பார்த்தாள். இருபது நிமிடத்தில் பதினான்கு பேர். பதில் வரும் முன்பே குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போன காலைகள் எத்தனை என்று அவளால் சொல்ல முடியவில்லை. நான்கு வருடம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்தவள் அவள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அந்த நான்கு வருடமும் காத்திருந்தவள்.

"பசிய வச்சிக்கிட்டு எப்படிட்டி தூக்குன?" என்று கேட்டாள்.

"பழகிருச்சு," என்றாள் ரெனிட்டா. பிறகு, "இல்ல. பழகல," என்றாள்.

அம்மா டீயோடு வந்தாள். ரெனிட்டா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போட்டிருக்கிறதா என்று கேட்டாள். போட்டிருக்கிறது என்றாள் அம்மா. ரெனிட்டாவின் விரல்கள் தம்ளரைச் சுற்றி இறுகின. ஹமீதாவுக்கு அந்தப் பார்வை தெரியும். கருவியைக் கழற்றி எறிவது அரை மணி நேர வேலை. அந்தப் பார்வையைக் கழற்ற வருடங்கள் ஆகும். அவளுக்கே முழுதாகக் கழன்றுவிட்டதா என்று சொல்ல முடியாது. ஒரு மடக்கு குடித்தாள் ரெனிட்டா. இன்னொன்று குடிக்க வெகுநேரம் ஆனது. ஹமீதா இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பேருந்தில் வரும்போது பிருந்தாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மற்ற பதின்மூன்று கருவிகளின் பதிவும் வேண்டும். நரம்பு வாங்கியதா இல்லையா, அது மட்டும் போதும்.

மையத்துக்குள் நுழையும்போது பதில் வந்துவிட்டது. வாசலிலேயே நின்று படித்தாள். ஒருமுறை எண்ணிவிட்டு, சந்தேகத்தில் இன்னொருமுறை எண்ணினாள்.

பொன்னையா கூடத்தில் தனியாக இருந்தார். ரெனிட்டா பேசினாள், டீ குடித்தாள் என்று கேட்டதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பொறியாளர் சொன்னதை ஹமீதா சொன்னாள். அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவது தெரிந்தது. முந்தாநாள் அழுத்திய எட்டு அந்தப் பெண்ணைக் கொல்லப் பார்க்கவில்லை. அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள் ஹமீதா போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"மத்தவங்களது."

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை. கீழிருந்து மேலே ஒருமுறை.

"பதிமூணுல ஒம்பதா?"

"ஆமா சார். ரெனிட்டாவச் சேத்தா பத்து. சிலதுக்கு ஆறு மாசம். இசக்கிக்கு ஒன்றர வருசம்."

"ஒன்றர வருசமா," என்றார். "அந்தப் புள்ள போன மாசம் புது ரெக்கார்டு போட்டுச்சும்மா."

"பட்டினியோட போட்டிருக்கா."

பொன்னையா கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் பதினான்கு பேரின் படமும் வரிசையாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசினார். "ரெண்டு நாளு பொறுத்துக்கோ. நாளன்னைக்குப் போட்டி. ஒன்றர வருசம் தாங்குனவளுக்கு ரெண்டு நாளு தாங்காதா? முடிஞ்ச அன்னைக்கே நானே சொல்லுதேன். எல்லாத்தையும் நானே கழட்டச் சொல்லுதேன்."

"நேத்து எட்டரை மணிக்கு நீங்க யாரு நெஞ்ச அழுத்துனீங்க சார்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கதவுவரை போனபோது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தடுக்க வருகிறாரோ என்று திரும்பினாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், ஓர் அடி எடுத்துவைத்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம். பதின்மூன்று பேரும் நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளி வந்துகொண்டிருந்தது. ஹமீதா உள்ளே வந்ததும் ரெனிட்டாவைப் பற்றிக் கேட்டார்கள். பிழைத்துக்கொண்டாள், பேசினாள் என்று சொன்னாள். அப்புறம் உட்காராமல், எழுதிக்கொண்டும் வராமல், தெரிந்ததையெல்லாம் சொன்னாள். வடு என்றால் என்ன என்று சொன்னாள். திரையில் தெரிந்த எண் வெறும் எண் என்று சொன்னாள். தினமும் காலையில் தான் கேட்ட விதம் கேட்ட விதமே இல்லை என்பதையும் சொன்னாள்.

"நீங்க பதிமூணு பேரு இருக்கீங்க," என்றாள். "அதுல ஒம்பது பேருக்குக் கருவி வேலை செய்யல. ரொம்ப நாளா. யாரு யாருன்னு இங்க வச்சுச் சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வாங்க, காட்டுதேன். யாரையும் யாரும் வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. என்னைய வேணும்னா அனுப்புவாங்க."

சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர் வழியிலேயே நின்றார். ஒன்பது பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா, பதின்மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று ஹமீதாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இசக்கிதான் முதலில் தலையை நிமிர்த்தினாள். "ரூமுக்கெல்லாம் வரலக்கா. இங்கயே சொல்லுங்க. நான் அதுல இருக்கனா?"

"இருக்க."

ஒரு வருடமாக ரெனிட்டாவும் இசக்கியும் எட்டுக்குப் பத்தடி அறையில், கையெட்டும் தூரத்தில் படுத்திருந்தார்கள். வயிறு இரைந்தால் மற்றவளுக்குக் கேட்டுவிடும் என்று இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள்.

மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஜாஸ்மின் கேட்டாள், மிகவும் மெதுவாக. "நான்?"

"நீயும்."

இசக்கி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, அழுகையா என்று தெரியாத ஒரு முகம். நேற்றுவரை அந்த ஜாஸ்மினைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் தன் தட்டைத் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

"நீயுமாட்டி?" என்றாள்.

ஜாஸ்மின் தலையை ஆட்டினாள். அவளுக்கு எதிரில் இருந்தவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள்.